சாயக் கசடு

மிருக ஆஸ்பத்திரியின் பின்கட்டில், எக்ஸ்ரே அறைக்கும் நாய் குளிப்பாட்டும் தொட்டிக்கும் இடையே ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு மைக்ராஸ்கோப், ஒரு முக்காலி, மூன்று ஜாடிகள், சுவர் நிறைய ஸ்லைடு பெட்டிகள். அந்த முக்காலியில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் லேபக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும் குடியிருந்தது.

முன்னறையில் டாக்டரம்மா ஆயிரம் சொல்லட்டும். "லேபக்கா பார்த்தாச்சா?" என்று கேட்காமல் பூனைக்காரர்கள் கூடையைத் தூக்க மாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததால் வந்த கொழுப்பும் கொஞ்சம் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். படர்தாமரை வந்த பூனையை வாசல்படி ஏறும்போதே மணத்தில் கண்டுபிடிப்பேன் என்பாள். ஒருமுறை ஒரு வெள்ளைப் பூனை மூக்குத்தண்டு வீங்கி வந்தது. எட்டு மாதமாகச் சளி, சளி என்று இரண்டு இடத்தில் வைத்தியம் பார்த்திருந்தார்கள். லேபக்கா மூக்குநீரில் ஒரு சொட்டு எடுத்து, பக்கத்தில் ஒரு சொட்டுக் கறுப்பு மை விட்டுக் கலந்து பார்த்தாள். கன்னங்கரேலென்ற பின்னணியில் உருண்டை உருண்டையாகப் பூஞ்சை, ஒவ்வொன்றையும் சுற்றி வெளிச்சமாக ஒரு வளையம். "புறா எச்சத்துல வளர்ற சாமானாச்சே, இது எங்கே உன் மூக்குக்குள்ள?" என்று பூனையிடமே கேட்டாளாம். பூனை பிழைத்தது. டாக்டரம்மா அதன் படத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். அதிலிருந்து பூஞ்சை என்றால் லேபக்கா, லேபக்கா என்றால் பூஞ்சை.

யாரும் மெச்சாத ஒரு பழக்கமும் அவளுக்கு இருந்தது. மேஜைமேல் இருந்த மூன்று ஜாடிகளில் முதலாவதில் ஸ்பிரிட், இரண்டாவதில் சிவப்புச் சாயம், மூன்றாவதில் நீலச் சாயம். கண்ணாடித் துண்டை மூன்றிலும் முக்கி எடுத்தால் செல்களெல்லாம் நிறம் பிடித்துக் கண்ணுக்குத் தெரியும். வாரத்துக்கு ஒருமுறை கொட்டிக் கழுவிப் புதிதாக ஊற்று என்று பாட்டிலிலேயே அச்சடித்திருந்தது. அவள் கொட்ட மாட்டாள். குறையக் குறைய மேலே ஊற்றுவாள். "புதுசு வெடுக்குன்னு நிக்கும். பழகின சாயம்தான் பிடிக்கும்" என்பாள். அவளுக்கு வேலை பழக்கியவரும் அதையே சொன்னார், அவருக்குப் பழக்கியவரும் சொல்லியிருப்பார்.

பழகின சாயத்தில் சாயம் மட்டுமா இருக்கும்? நாய்க்காது அழுக்கும் பூனைப்புண் சீழும் முங்கி எழுந்த நீல ஜாடிக்குள் ஏதேதோ முளைத்து வளர்ந்தது. எந்த ஸ்லைடை வைத்தாலும் முட்டை வடிவத்தில் நாலைந்து பொடிகள் தெரியும். வீட்டு எறும்பை வீட்டுக்காரி கண்டுகொள்ளாத மாதிரி அவள் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. 'சாயக் கசடு, பொருட்படுத்த வேண்டாம்' என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். கசடா, நோயா என்று பிரிக்க வழி இல்லாமல் இல்லை. மைக்ராஸ்கோப்பின் ஓரத்துச் சின்னக் குமிழைக் கால் சுற்றுத் திருப்பினால் போதும். கசடு செல்லுக்கு மேலே மிதக்கும். செல் தெளிந்தால் கசடு கலங்கும், கசடு தெளிந்தால் செல் கலங்கும். நோயோ செல்லின் வயிற்றுக்குள்ளேயே இருக்கும், இரண்டும் சேர்ந்தே தெளியும். இதைப் பயிற்சிக்கு வரும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருந்த உறவு ஒரு தம்பி, ஏழு வயது இளையவன், தையல் மிஷின் ரிப்பேர்க்காரன். ஆறு வருஷத்துக்கு முன் அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனபோது, "என்கிட்ட ரெண்டு இருக்கில்ல, அதுல ஒண்ணு சும்மாதானே கிடக்கு" என்று இடதுபக்கத்தைக் கொடுத்துவிட்டு மூன்றாவது மாதம் முக்காலிக்குத் திரும்பிவிட்டாள். வேறொருவர் உறுப்பை உடம்பு விரட்டாமல் இருக்க வேண்டுமானால் உடம்பின் காவலை அடக்கி வைக்க வேண்டும். அதற்குக் காலை மாலை மாத்திரை, உயிருள்ளவரை. காவல் தூங்கும் வீட்டில் யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? தம்பி வீட்டுக்குப் போனால் முதலில் குழாயடி, பிறகு அடுப்படி, பிறகு படுக்கை என்று சோதனை போடுவாள். தம்பி மனைவி, "அண்ணி வந்தா போலீஸ் வந்த மாதிரி" என்று சிரிப்பாள்.

அந்த வீட்டுக்குள் ஒரு செம்பட்டைக் கடுவன் பூனை தானாக வந்து சேர்ந்தது. கடையில் மிஷின் பலகைமேல் உட்கார்ந்து தம்பியின் வேலையை மேற்பார்வை பார்த்ததால் அதற்கு மேஸ்திரி என்று பேர். லேபக்கா காது, தோல், மலம் எல்லாம் பரிசோதித்த பிறகுதான் அதற்குக் குடியுரிமை கொடுத்தாள்.

ஒரு வியாழக்கிழமை தம்பி அதைக் கூண்டில் வைத்துத் தூக்கி வந்தான். மூக்குத்தண்டில் காசளவு புண், விளிம்பு தடித்து, மேலே பக்கு.

"எவனோடயோ சண்டை போட்டிருக்கான்க்கா. ஒரு வாரமா ஆறவே இல்ல."

"உன்னைக் கீறினானா?"

"மருந்து போடறப்போ லேசா."

"காட்டு."

காட்டினான். மிஷின் ஊசி குத்திக் குத்தித் தழும்பேறிய விரல்கள். அதில் எது ஊசி, எது நகம் என்று யார் பிரிப்பது? டாக்டரம்மா பக்கைப் பெயர்த்து ஒரு கண்ணாடித் துண்டைப் புண்மேல் ஒற்றி எடுத்துக் கொடுத்தார். அவள் மூன்று ஜாடியிலும் முக்கி, உலர்த்தி, எண்ணெய்ச் சொட்டு வைத்துக் குனிந்தாள்.

முட்டை வடிவப் பொடிகள் இருந்தன. நாலைந்து இல்லை. நிறைய.

இது கசடாக இல்லாவிட்டால் என்ன என்ற எண்ணம் வந்தது. வந்த வேகத்திலேயே அதன் பின்னால் தம்பியின் விரலும் மாத்திரை டப்பாவும் அவன் வயிற்றிலிருக்கும் அவள் சதையும் வரிசையாக வந்து நின்றன. காலையில் பார்த்த நாய்க்காது ஸ்லைடிலும் இதே பொடிதானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அந்தச் சின்னக் குமிழ் அவள் கட்டைவிரலுக்கு ஓர் அங்குலம் தள்ளி இருந்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம். பூனையைச் சொல்வானேன். அவள் குமிழைத் தொடாமல் ஸ்லைடை எடுத்துவிட்டாள்.

'சண்டைப் புண். சீழ்க் கிருமி. சாயக் கசடு, பொருட்படுத்த வேண்டாம்.'

"ஒண்ணுமில்லடா" என்றாள். தம்பி முகம் மலர்ந்துவிட்டது. "அக்கா பார்த்தாச்சு, அப்புறம் என்ன?" என்று கூண்டைத் தூக்கிக்கொண்டு போனான்.

மருந்துக்குப் புண் மசியவில்லை. காதுமடலில் ஒன்று வந்தது, முன்னங்காலில் இரண்டு வந்தன. "இன்னொரு ஸ்லைடு எடுத்துப் பார்க்கலாமா?" என்று டாக்டரம்மா கேட்டார். "எதுக்கு டாக்டரம்மா? பார்த்ததுதானே" என்றாள். பார்த்ததுதான். ஐந்தாவது வாரம் மேஸ்திரி வீட்டை விட்டுப் போய்விட்டது, திரும்பவில்லை. தம்பி மூன்று நாள் தெருத்தெருவாகக் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தான். அக்காவுக்கு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், பாரம் இறங்கியது போல இருந்தது.

பிறகு ஒரு நாள் புழுக்கத்தில் உயிர் போகிற மத்தியானத்தில் தம்பி முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"கையைக் காட்டு."

"ஊசி குத்தினது பழுத்திருக்குக்கா. நீ உடனே ஆரம்பிச்சிடாதே."

பொத்தானை அவளே கழற்றினாள். ஆள்காட்டி விரலில் ஆறாத ஒரு புண். மணிக்கட்டில் ஒரு கட்டி. அதற்கு மேலே நான்கு விரல் தள்ளி ஒன்று. முழங்கைக்குக் கீழே இன்னொன்று. கயிறு பிடித்து நட்ட நாற்று மாதிரி ஒரே வரிசையில் மேலே ஏறிக்கொண்டிருந்தன.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"ரெண்டு மாசமா என்னடா பண்ணிட்டிருந்தே!"

"பூனைக்கு ஒண்ணுமில்லைன்னு நீதானே பார்த்துச் சொன்னே. அதான் ஊசின்னு விட்டுட்டேன்."

கையோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். சிறுநீரகப் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் கட்டியில் ஒரு துணுக்கு வெட்டி அனுப்பினார். ஒன்றும் தெரியவில்லை என்று வந்தது. மறுபடி வெட்டினார்கள், மறுபடி ஒன்றுமில்லை. வளர்ப்புத் தட்டில் வேறு ஏதோ கிருமி முந்திக்கொண்டு முளைத்துப் பரிசோதனையைக் கெடுத்தது. சாயங்காலமானால் காய்ச்சல், இருமல். டாக்டர் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"வீட்டுல பிராணிங்க உண்டா?"

"ஒரு பூனை இருந்துச்சு சார், இப்போ காணோம். புண் வந்தப்போ டெஸ்ட் பண்ணியாச்சு. எங்கக்காவே பார்த்தாங்க. இருபத்தாறு வருஷமா இதே வேலை சார் அவங்களுக்கு."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். லேபக்கா தலையை ஆட்டினாள். லேசான பெருமையோடுதான் ஆட்டினாள். அவர் 'பூனை: பரிசோதிக்கப்பட்டது, பூஞ்சை இல்லை' என்று எழுதிக்கொண்டார். அந்தத் தலையாட்டலைப் பிற்பாடு அவள் எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாள் என்பதற்குக் கணக்கில்லை.

காசநோயாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவானது. திங்கட்கிழமை அதற்கு மருந்து தொடங்குவதாகச் சொன்னார்கள்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை, தரை துடைக்கும் அம்மாளின் துடைப்பக்கட்டை இடித்து நீல ஜாடி கீழே விழுந்து உடைந்தது. அறை முழுக்க நீலம். "கண்ணு எங்கே வச்சுத் துடைக்கிறீங்க? எத்தனை வருஷத்துச் சாயம் தெரியுமா!" என்று லேபக்கா குதித்த குதியில் குளியல்தொட்டி நாய் குரைக்க ஆரம்பித்தது. அந்த அம்மாள் அழுதுகொண்டே துடைத்தாள். உண்மையில் அவளுக்கு மாலை போட்டிருக்க வேண்டும். வேறு வழியில்லாமல் லேபக்கா அலமாரியிலிருந்து சீல் உடைக்காத பாட்டிலை எடுத்து, புது ஜாடியில் புதுச் சாயம் ஊற்றினாள்.

பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு சாம்பல்நிறப் பெட்டைப் பூனை வந்தது. மூக்கில் புண், காதில் புண். வீட்டுக்காரியிடம் முகவரி கேட்டாள். தம்பி கடைக்கு அடுத்த தெரு.

ஸ்லைடை முக்கி, உலர்த்தி, குனிந்தாள். முட்டை வடிவப் பொடிகள், நிறைய. பழக்கதோஷத்தில் 'சாயக்' என்று எழுதிய பேனா அங்கேயே நின்றது. புது ஜாடியில் கசடு எங்கிருந்து வரும்?

கை குமிழுக்குப் போனது. செல் தெளிந்தது. பொடியும் சேர்ந்தே தெளிந்தது. ஒவ்வொரு செல்லின் வயிற்றிலும் பத்து, பதினைந்து, நெருக்கியடித்துக்கொண்டு. முட்டைகளுக்கு நடுவே சீரகம் போல நீண்டவை சில.

எழுந்து சுவரோரம் போனாள். நான்கு மாதத்துக்கு முந்தைய பெட்டியை இறக்கினாள். 'மேஸ்திரி' என்று அவள் கையெழுத்திலேயே பென்சிலில் எழுதிய கண்ணாடித் துண்டு, தூசி தட்டிக் கொடுத்தது போல அப்படியே இருந்தது. வைத்தாள். குமிழைக் கால் சுற்றுத் திருப்பினாள். கால் சுற்றுக்கூட வேண்டியிருக்கவில்லை. பக்கத்துத் தொட்டிக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

டாக்டரம்மா இரண்டு ஸ்லைடையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அக்கா, இன்னிக்கு வந்த பூனையைப் பத்தி மட்டும் அந்த டாக்டருக்கு எழுதுவோம். உங்க நோயாளி வீட்டுப் பக்கம் இப்படி ஒரு ஃபங்கஸ் நடமாடுது, கவனிங்கன்னு. பழசை எதுக்குக் கிளறணும்? ஆஸ்பத்திரி பேர் இருக்கு. உங்க பேர் இருக்கு."

"அது போதாது டாக்டரம்மா. தம்பி வீட்டுப் பூனைக்கு ஃபங்கஸ் இல்லைன்னு அவங்க எழுதி வச்சிருக்காங்க. நான் சொன்னதைத்தான் எழுதி வச்சிருக்காங்க. அதை நான்தான் போய் அழிக்கணும்."

"இதுவரைக்கும் எத்தனை ரிப்போர்ட்ல கசடுன்னு எழுதியிருப்பீங்கன்னு எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று ஒரு கணம் அவளும் நினைத்தாள். பழைய ஸ்லைடைத் தண்ணீரில் காட்டித் துணியால் ஒரு துடை துடைத்தால் தீர்ந்தது. அந்த நினைப்பு வந்ததையும் இங்கே சொல்லிவிடுவதுதான் நியாயம். ஆனால் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் அந்தக் கண்ணாடித் துண்டைப் பஞ்சில் சுற்றி, ஊசிமருந்துப் பெட்டிக்குள் வைத்து, பேருந்தில் இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

தம்பி வீட்டுப் பூனையின் புண்ணில் எடுத்தது என்று சொல்லி நீட்டினாள். டாக்டர் தன் அறை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். குமிழைத் திருப்பினார். முகம் மாறியது.

"மனுஷ உடம்புல இந்தப் பூஞ்சை ரொம்பக் கொஞ்சமா இருக்கும், தேடினாலும் அகப்படாது. பூனைகிட்டதான் கொட்டிக் கிடக்கும். அந்தப் பூனைதான் காணாமப் போச்சே, இப்போ எங்கேருந்து கிடைச்சுது இது?"

"இது நாலு மாசத்துக்கு முன்னாடி எடுத்தது சார்."

"நாலு மாசமா? அப்போ இதுல பூஞ்சை இல்லைன்னு பார்த்துச் சொன்னது நீங்கதானா?"

"நான்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு நோயாளியின் கோப்பைப் புரட்டிக்கொண்டே, திட்டாமல், சாதாரணக் குரலில் பேசினார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"அப்போவே தெரிஞ்சிருந்தா விரலோட போயிருக்கும். இப்போ நெஞ்சுப் படத்துலயும் புள்ளி தெரியுது. இதுக்கான மருந்து கடுமையானது, கிட்னியைப் பதம் பார்க்கும். அது மட்டுமில்ல, உடம்போட காவலைத் தூங்க வைக்கிற மாத்திரையைக் குறைச்சாத்தான் உடம்பு சண்டை போடும். குறைச்சா உடம்பு அந்தக் கிட்னியையும் விரட்டும். உயிரைக் காப்பாத்தலாம்னு நினைக்கிறேன். கிட்னிக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. குடுத்தவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடறது நல்லது. யாரு குடுத்தாங்க?"

"அதுவும் நான்தான் சார்."

டாக்டர் கோப்பை மூடினார். வெளியே வரிசையில் அடுத்தவரைக் கூப்பிடும் மணி இரண்டு தடவை அடித்தது, அவர் எழுந்திருக்கவில்லை.

அன்று மாலையே மருந்து ஏறியது. மூன்றாவது வாரம் காய்ச்சல் விட்டது. கையில் கட்டிகள் ஒன்றொன்றாக வற்றி, ஊதா வடுவாக நின்றன. நெஞ்சுப் படம் தெளிந்துகொண்டே வந்தது. சிறுநீர் குறைந்துகொண்டே வந்தது. முகம் வீங்கியது, பிறகு கால் வீங்கியது. பதினோராவது வாரம் டாக்டர், இனிமேல் அது வேலை செய்யாது என்று சொல்லிவிட்டார். வாரத்துக்கு மூன்று நாள், நான்கு மணி நேரம், ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே அனுப்பும் மிஷினோடு தம்பியைப் பிணைத்தார்கள். ஆறு வருஷத்துக்கு முன் விட்ட இடம்.

மிருக ஆஸ்பத்திரியில் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கலாம். யாரும் இப்போது "லேபக்கா பார்த்தாச்சா?" என்று கேட்பதில்லை. டாக்டரம்மா ஒவ்வொரு ஸ்லைடையும் தானும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார். பழைய பெட்டிகளை இறக்கி, கசடு என்று எழுதிய ஸ்லைடுகளையெல்லாம் அவள் மறுபடி படிக்கிறாள். இதுவரை அதுபோல இன்னொன்று அகப்படவில்லை. சுவரில் பாதிக்கு மேல் பாக்கி இருக்கிறது.

தம்பி மனைவி அண்ணி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சண்டை இல்லை, சாடை இல்லை. அவள் உள்ளே வந்தால் இவள் வெளியே போவாள், அவ்வளவுதான். ஒரு நாள் லேபக்கா ரத்தம் கழுவும் மிஷின் அறைக்குள் நுழைந்ததும் அப்படித்தான் பையை எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போய்விட்டாள்.

தம்பி சிரித்தான். வாய் ஓரம் வறண்டிருந்தது. "உனக்கு இந்தப் புத்தி போகவே போகாதாக்கா? குடுத்ததைத் திருப்பி வாங்கிட்டியே."

அவளும் சிரிக்கத்தான் பார்த்தாள். வரவில்லை. அவன் தனியாகக் கொஞ்ச நேரம் சிரித்தான். குழாய் ஆடுகிறது என்று நர்ஸ் அதட்டியதும் அடங்கினான். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு குரல் மாறி வந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா? அன்னிக்கு உனக்கு நிஜமாவே தெரியலையா?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். யானைக்கும் அடி சறுக்கும் என்று ஊரே அவளுக்காகச் சொல்லத் தயாராக இருந்தது. அவனும் அதைக் கேட்கத்தான் ஆசைப்பட்டான், அவன் கண்ணில் அது தெரிந்தது.

"தெரிஞ்ச மாதிரி இருந்துச்சுடா. நல்லாத் திருப்பிப் பார்த்தா தெரிஞ்சுடுமோன்னு பயமா இருந்துச்சு. அதான் பார்க்கல."

கழுவி முடிக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அந்த மூன்று மணி நேரமும் அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டே படுத்திருந்தான், அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தே இருந்தாள்.